டெப் (tablet) வாங்குவதா, போட்டோ கொப்பி எடுப்பதா? வந்தாறுமூலைக்கும் ஒலுவிலுக்கும் படிக்க வரும் பிள்ளைகளுக்கு

வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ தெரிவான பிள்ளைகள் வருடாவருடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அண்ணன், டெப் ஒன்று வாங்கினால் போதும்தானே? எல்லாம் பிடிஎஃப்பாக வருமாம். புத்தகம், போட்டோ கொப்பி ஒன்றும் தேவைப்படாதாம்." செங்கலடியில் இருந்தும் கேட்பார்கள், சாய்ந்தமருதில் இருந்தும் கேட்பார்கள். கேட்கும்போதே வீட்டில் யாரோ சீட்டுக் காசை எடுத்து வைத்திருப்பார்கள், அல்லது கட்டாரில் இருக்கிற மாமா அனுப்புவதாகச் சொல்லியிருப்பார். அந்தக் காசு ஒருதரம்தான் வரும். அதனால், "உனக்கு எது பிடிக்குதோ அதை வாங்கு" என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை.

என் பதிலை முதலிலேயே சொல்கிறேன். தமிழ் மொழிமூலம் படிக்கப் போகிறீர்கள் என்றால் காசைக் கடதாசியில் போடுங்கள். ஆங்கில மொழிமூலம் என்றால் முதல் வருடம் திரையில் வாசியுங்கள், அப்புறம் முக்கியமான அத்தியாயங்களை மட்டும் அச்செடுங்கள். ஒப்படை (assignment) எழுதவும் ஆய்வேடு எழுதவும் லெப்டொப் ஒன்று எப்படியும் வேண்டும். டெப் பெரும்பாலானவர்களுக்கு வேண்டியதில்லை.

விருப்பமும் விளக்கமும்

பல்கலைக்கழக மாணவர்கள் அச்சை விரும்புகிறார்களா, திரையை விரும்புகிறார்களா என்று நடந்த ஆய்வுகளில் மிகப் பெரிய ஒன்று 2018இல் வெளியானது. 21 நாடுகளில் 10,293 மாணவர்களிடம் கேட்டிருந்தார்கள். பாடத்துக்காக வாசிப்பதென்றால் அச்சுத்தான் வேண்டும் என்று பெரும்பான்மையினர் சொன்னார்கள். வாசிக்க வேண்டியது நீளமாக இருந்தால் அந்த விருப்பம் இன்னும் கூடியது. போனை விட்டு ஒரு நிமிடம் பிரியாத தலைமுறை என்று நாம் சொல்கிற வயதினர்தான் இப்படிச் சொன்னார்கள்.

சரி, விருப்பம் ஒன்று, விளங்குவது இன்னொன்று. அதே 2018இல் வேறு ஆய்வாளர்கள், 2000 முதல் 2017 வரை நடந்த 54 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். வாசித்தவர்களின் தொகை 170,000ஐத் தாண்டும். கடதாசியில் வாசித்தவர்களுக்கே கூடுதலாக விளங்கியிருந்தது. கதை வாசிப்பதில் வித்தியாசம் தெரியவில்லை. தகவலும் விளக்கமும் நிறைந்த பகுதிகளில் தெரிந்தது. நேரம் குறித்துக் கொடுத்து வாசிக்கச் சொன்னபோது இன்னும் நன்றாகத் தெரிந்தது. பாடப்புத்தகம் தகவல் நிறைந்தது, பரீட்சைக் காலம் நேரம் குறைந்தது. ஆக, கடதாசி எங்கே கைகொடுக்கிறதோ அங்கேதான் நமது மாணவர்கள் அதிகம் நிற்கிறார்கள். திரைக்குப் பழகப் பழக இந்த வித்தியாசம் மறைந்துவிடும் என்று பலர் நினைத்திருந்தார்கள். அந்த 54 ஆய்வுகளையும் வருட வரிசையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கூடிக்கொண்டுதான் வந்திருக்கிறது.

முதலாம் வருடப் பிள்ளைகள் இவற்றில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்கலாம் என்றால், 2011இல் இஸ்ரேலில் வெளியான ஓர் ஆய்வைச் சொல்வேன். எவ்வளவு நேரம் படிப்பது என்பதை மாணவர்களே தீர்மானிக்க விட்டார்கள். திரையில் படித்தவர்கள் போதும் என்று முன்னதாகவே நிறுத்தினார்கள். எவ்வளவு புள்ளி எடுப்பீர்கள் என்று கேட்டபோது உண்மையில் எடுத்ததை விடக் கூடுதலாகச் சொன்னார்கள். திரையில் படித்தவர்களுக்கும் கடதாசியில் படித்தவர்களுக்கும் ஒரே நேரத்தைக் கட்டாயமாகக் கொடுத்தபோது புள்ளிகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. அதாவது திரை மூளையை மழுக்குவதில்லை, ஆனால் "எனக்கு விளங்கிவிட்டது" என்ற எண்ணம் திரையில் சீக்கிரம் வந்துவிடுகிறது. போனில் நோட்ஸை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்துவிட்டு "முடிச்சிட்டன்" என்று சொல்லும் பிள்ளை பொய் சொல்லவில்லை. உண்மையாகவே முடித்ததாகத்தான் அந்தப் பிள்ளைக்குத் தோன்றுகிறது. வினாத்தாள் கைக்கு வரும்போதுதான் மிச்சம் தெரியவரும்.

தமிழ் மொழிமூலம்: கோப்பு இருக்கிறது, தேட முடியாது

திரையின் பெரிய பலம் தேடல். நானூறு பக்க நூலில் ஒரு சொல்லைத் தட்டினால் அது வருகிற இடமெல்லாம் வந்து நிற்கும். ஆங்கில நூலுக்கு இது சரி. கலைப்பீடத்தில் தமிழில் படிக்கிற பிள்ளையின் போனில் இருக்கிற கோப்புகளுக்கு இது பெரும்பாலும் பொருந்தாது. இந்த வேறுபாட்டை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நம் நாட்டில் நீண்ட காலமாகத் தமிழ்த் தட்டச்சு பாமினி எழுத்துருவில் நடந்தது. அச்சகங்களிலும் தட்டச்சுக் கடைகளிலும் இன்றைக்கும் அது ஓடுகிறது. பாமினியில் தட்டிய பக்கம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த வரிசை. நீங்கள் யுனிகோட் தமிழில் (இப்போதைய போன்களும் கணினிகளும் பொதுவாகப் பயன்படுத்தும் எழுத்துமுறையில்) "நிலச்சுவாந்தர்" என்று தட்டித் தேடினால் அந்தச் சொல் பத்து இடத்தில் இருந்தாலும் ஒன்றும் வராது. ஒரு பந்தியைப் பிரதி எடுத்து ஒப்படையில் ஒட்டினால் விளங்காத எழுத்துகளாகக் கொட்டும்.

இன்னொரு வகை, பழைய நூலையோ சீனியர்களின் குறிப்பையோ ஸ்கேன் செய்த கோப்பு. அது வெறும் படம். போன் கமராவில் பிடித்தது என்றால் ஒரு ஓரம் இருட்டாகவும் மறு ஓரம் வளைந்தும் இருக்கும். கணினிக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது. யுனிகோடில் தட்டிய குறிப்புகள் இப்போது கூடிவருவது நல்ல விஷயம். ஆனால் பிடிஎஃப்பாக மாற்றும்போது அதிலும் கொம்புள்ள எழுத்துகள் சில சிதறிவிடுவதுண்டு.

அளவுக் கணக்கையும் பாருங்கள். ஏ4 தாளின் அகலம் 21 சென்ரிமீற்றர். சாதாரணப் போன் திரையின் அகலம் 7 சென்ரிமீற்றர் அளவில் வரும். பக்கம் மூன்றில் ஒன்றாகச் சுருங்கும்போது 12 புள்ளி (point) அளவு எழுத்து 4 புள்ளியாகிவிடும். அந்த அளவில் மெய்யெழுத்தின் புள்ளி தெரியாது, ணகரமும் னகரமும் ஒன்றாகத் தெரியும். விரலால் பெரிதாக்கினால் வரியின் பாதி வெளியே போகும், ஒவ்வொரு வரிக்கும் இழுத்து இழுத்து வாசிக்க வேண்டும். இருபது பக்கம் இப்படி வாசித்தால் அலுப்புத்தான் மிஞ்சும். போனைக் குறுக்காகத் திருப்பினால் எழுத்து 8 புள்ளி அளவுக்கு வரும். போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள், நேராகப் பிடித்து வாசிக்காதீர்கள்.

தேடவும் முடியாது, சொல்லைத் தொட்டால் அகராதியும் திறக்காது, எழுத்தும் சிறிது. இப்படியிருக்கும்போது தமிழ் மொழிமூலப் பிள்ளைக்குத் திரை தருவது எடை குறைந்த ஒரு தாள்கட்டுத்தான். அதற்காக அறுபதாயிரம் ரூபாய்க்கு டெப் வாங்குவது நியாயம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரே ஒரு பெரிய விலக்கு உண்டு. கிடைக்காத நூல்களுக்குத் திரையே கதி. 2005இல் "நூலகம்" என்ற பெயரில் தொடங்கிய இணைய எண்ணிம நூல் திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் சிறப்பு மலர்களையும் பல்லாயிரக்கணக்கில் ஏற்றி வைத்திருக்கிறது, எல்லாம் இலவசம். மட்டக்களப்புக் கூத்தைப் பற்றியோ, கல்முனைப் பக்கத்து முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைப் பற்றியோ ஆய்வேடு எழுத நினைக்கிற பிள்ளை அங்கேதான் முதலில் போகவேண்டும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 2004 சுனாமியில் நாவலடியிலும் காரைதீவிலும் மருதமுனையிலும் வீடுகளோடு வீட்டுப் புத்தகங்களும் போயின. இதெல்லாம் நடந்த மண்ணில் பிரதி ஒன்று வேறெங்கோ பத்திரமாக இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தேவையில்லை. அங்கே உள்ளவையும் பெரும்பாலும் ஸ்கேன் படங்கள்தான். திரையில் புரட்டிப் பார்த்து, வேண்டிய பக்கங்களைக் குறித்து, அவற்றை மட்டும் அச்செடுப்பது நல்லது. மேற்கோளுக்குச் சில பந்திகள் எழுத்தாக வேண்டும் என்றால் அந்தப் பக்கங்களை கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டொக்ஸில் திறந்து பாருங்கள். தமிழை ஓரளவு நன்றாகவே எழுத்தாக்கித் தரும். ஆனால் சொல்லுக்குச் சொல் மூலத்தோடு ஒப்பிடாமல் ஒப்படையில் சேர்க்கக் கூடாது.

ஆங்கில மொழிமூலம்: முதல் வருடத்துக்குத் திரை

விஞ்ஞானம், முகாமைத்துவம், மருத்துவம் படிக்க வருகிறவர்களின் நிலைமை வேறு. உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு, வந்த முதல் வாரமே ஆங்கிலப் பாடநூலைத் திறக்கிறார்கள். பாடம் கஷ்டமில்லை, மொழிதான் மறிக்கிறது. ஒரு பக்கத்தில் பதினைந்து சொல் தெரியாது என்றால், அச்சுப் புத்தகத்தில் பதினைந்து தரம் நிறுத்தி, போனை எடுத்து, சொல்லைத் தட்டிப் பார்க்க வேண்டும். அதற்குள் வட்ஸ்அப்பில் பெட்ச் குரூப் கூப்பிடும். பத்து நிமிடம் போய்விடும், எந்த வரியில் விட்டோம் என்பதும் மறந்துவிடும்.

திரையில் அந்தச் சொல்லை அழுத்திப் பிடித்தால் பொருள் அங்கேயே வரும். உச்சரிப்பையும் கேட்கலாம். ஆங்கிலத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிற பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பாடச் சொல்லை எப்படிச் சொல்வது என்று தெரியாததாலேயே விரிவுரையில் சந்தேகம் கேட்காமல் இருந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். அதனால் ஆய்வுகள் கடதாசியின் பக்கம் நின்றாலும், முதல் வருடத்தில் இவர்களுக்குத் திரைதான் நல்லது என்கிறேன். மொழித் தடை பெரிதாக இருக்கும்போது அகராதியின் பயன் கடதாசியின் பயனை மிஞ்சிவிடும்.

ஒரு துறையின் சொற்கள் திரும்பத் திரும்ப வருபவை. இரண்டாம் வருடத்தில் தெரியாத சொற்கள் குறையும். அப்போது மாறிக்கொள்ள வேண்டும். நான் சொல்லிக் கொடுக்கிற முறை இதுதான்: அத்தியாயத்தை முதலில் லெப்டொப்பில் ஓட்டமாக வாசித்து, தெரியாத சொற்களை நிறமிட்டுப் பொருள் பார்த்துக்கொள்ளுங்கள். அதை அச்செடுத்து, இரண்டாம் முறை பேனாவோடு வாசியுங்கள். ஓரத்தில் தமிழில் எழுதுங்கள். ஆங்கில வரிக்குப் பக்கத்தில் உங்கள் கையால் எழுதிய தமிழ் விளக்கம் பரீட்சைக்கு முதல் நாள் இரவு மிக நன்றாக உதவும். அதைத் திரையில் செய்யலாம்தான், ஆனால் தமிழ்த் தட்டச்சு பழகாத பிள்ளைக்குக் கை ஓடாது.

பாடத்துக்குப் பாடம் சில வேறுபாடுகளும் உண்டு. உடற்கூற்றியல் படங்களைக் கறுப்பு வெள்ளையில் கொப்பி எடுத்தால் நாடியும் நாளமும் ஒரே சாம்பல் நிறத்தில் வரும், அதனால் நிறத்தோடு திரையில் பாருங்கள். கணிதமும் கணக்கியலும் கைப்பழக்கம், கடதாசி இல்லாமல் நடக்காது. நிரல் எழுதுகிற பாடங்களுக்குத் திரை போதும்.

காசுக் கணக்கு

போட்டோ கொப்பி விலை கடைக்குக் கடை மாறும். ஒரு பக்கம் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 30 பக்க அத்தியாயம் 300 ரூபாய். ஒரு செமஸ்டரில் ஐந்து பாடம், பாடத்துக்கு இரண்டு அத்தியாயம் என்றால் 3,000 ரூபாய். 60,000 ரூபாய் டெப்பின் விலைக்கு 6,000 பக்கம் எடுக்கலாம். நான்கு வருடப் பட்டத்தில் எட்டு செமஸ்டர் இருக்கிறது, செமஸ்டருக்கு 750 பக்கம் வரும். அவ்வளவையும் ஊன்றி வாசிப்பவர்கள் குறைவு. மகாபொல மாதாந்த உதவித்தொகையை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாயில் இருந்து 7,500 ரூபாயாகக் கூட்டினார்கள். விடுதிச் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் போன பிறகு அதில் பெரிதாக மிஞ்சாது என்பது எல்லோருக்கும் தெரியும். கொப்பிச் செலவைச் சிறிது சிறிதாகச் செய்யலாம். டெப்புக்கு முழுக்காசையும் ஒரேயடியாகக் கொடுக்க வேண்டும். கண்ணாடி வெடித்தால் இன்னொரு செலவு.

கொப்பி எடுக்கும் முன் நூலகத்தில் பாருங்கள். இரவல் பகுதியில் இல்லாத நூல் குறுகிய நேரத்துக்கு மட்டும் தருகிற பகுதியில் இருக்கும். அங்கேயும் இல்லையென்றால் உசாத்துணைப் பகுதியில் உட்கார்ந்து வாசிக்கலாம். பிள்ளைகள் நோட்ஸுக்காகச் சீனியர்களின் பின்னால் அலைகிற நேரத்தில் நல்ல நூல்கள் அலுமாரியில் யாரும் தொடாமல் இருக்கின்றன. முழுப் புத்தகத்தையும் கொப்பி எடுத்துக் கட்டுவதை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அனுமதிப்பதில்லை. சொந்தப் படிப்புக்கு ஒரு பகுதியை எடுப்பது வேறு விஷயம். உள்ளூர் எழுத்தாளரின் புத்தகம் கடையில் கிடைக்குமானால் தயவுசெய்து காசு கொடுத்து வாங்குங்கள். நம் பக்கத்தில் நூல் போடுகிறவர்களுக்குக் கைக்காசு திரும்புவதே பெரும்பாடு.

மாரியும் கச்சானும்

இந்த ஒப்பீட்டை வேறெங்கோ இருந்து எழுதுகிறவர்கள் வெள்ளத்தைப் பற்றி யோசிக்க மாட்டார்கள். நாம் யோசிக்காமல் இருக்க முடியாது. மாரி காலம் வந்தால் வாவிப் பக்கமும் வயல் பக்கமும் தண்ணீர் எந்த இரவில் ஏறும் என்று சொல்ல முடியாது. 2011 ஜனவரி வெள்ளத்தை மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் யாரும் மறக்கவில்லை. கட்டிலுக்குக் கீழே பெட்டியில் வைத்த கொப்பிக் கட்டு ஒரு இரவில் கூழாகிவிடும். வெள்ளம் வராத வருடத்தில் கறையான் வரும். கடற்கரை ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்கும்.

அதற்காகத் திரைக்கு ஆபத்தில்லை என்று சொல்லவும் முடியாது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தது. அந்த மாதமேதான் கடதாசி இறக்குமதி நின்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளைத் தள்ளிப்போட்டார்கள். இரண்டு வழியும் ஒன்றாக அடைபட்ட காலம் அது. கச்சான் என்கிற வறண்ட காற்று வீசுகிற மாதங்களில் மதியத்தில் போன் சூடேறித் திரை தானாகவே மங்கும், மரத்துக்குக் கீழே இருந்தாலும் வெளிச்சத்தில் எழுத்துத் தெரியாது. இரவு ரயிலில் கொழும்புக்கோ, பஸ்ஸில் ஹற்றன் பக்கமோ போகிற பிள்ளைக்கு மங்கிய வெளிச்சத்தில் போன்தான் வசதி, கட்டுகளைச் சுமக்கவும் தேவையில்லை.

ஆகவே வாசிப்பதற்குக் கடதாசி, பாதுகாப்பதற்குத் திரை என்று பிரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஓரத்தில் எழுதிய பக்கங்களைச் செமஸ்டர் முடிவில் போனால் ஸ்கேன் செய்து டிரைவில் போட்டுவிடுங்கள். நல்ல வெளிச்சத்தில், பக்கத்தை மட்டமாக வைத்து எடுங்கள். கோப்புக்குப் பாடத்தின் பெயரையும் வருடத்தையும் தமிழிலேயே வையுங்கள். வட்ஸ்அப்பில் இருக்கிறதுதானே என்று விடாதீர்கள். போன் மாறும்போது அல்லது சில மாதம் கழித்துத் திறக்கும்போது அந்தக் கோப்பு பலருக்குக் கிடைப்பதில்லை.

விரிவுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள்

பிள்ளைகள் எதைத் தெரிவு செய்தாலும், கோப்பு எப்படி வருகிறது என்பது அவர்கள் கையில் இல்லை. தமிழில் குறிப்புக் கொடுக்கிறவர்கள் யுனிகோடில் கொடுங்கள். பழைய பாமினிக் குறிப்பை மாற்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. மாற்றிய பின் ஒருதரம் வாசித்துத் திருத்தினால் போதும். பக்க அளவை ஏ5 ஆக்கி எழுத்தை 14 புள்ளியில் வைத்தால் அதே கோப்பைப் போனில் இழுக்காமல் வாசிக்கலாம். அச்செடுக்கிறவர் ஒரு ஏ4 தாளில் இரண்டு பக்கத்தை எடுக்கலாம். வேர்ட் கோப்பையும் சேர்த்துக் கொடுத்தால் எழுத்துச் சிதறுகிற பிரச்சினையும் இல்லை. பார்வைக் குறைபாடுள்ள மாணவர் ஒருவர் வகுப்பில் இருந்தால் அவருக்கு இந்த விஷயம் வசதியோடு நிற்பதில்லை. திரைவாசிப்பு மென்பொருள் யுனிகோட் தமிழைச் சத்தமாக வாசித்துக் காட்டும். பாமினியையும் ஸ்கேன் படத்தையும் அதனால் வாசிக்க முடியாது. அந்தப் பிள்ளை இன்றைக்கும் நண்பர் யாராவது வாசித்துக் காட்டும்வரை காத்திருக்கிறது. அடுத்த செமஸ்டர் தொடங்கும் முன் ஒரு பாடத்தின் குறிப்பையாவது மாற்றிக் கொடுங்கள்.